இலெமூரியாவின் மூன்றாவது கண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் இலக்கிய மன்றம் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

தேவனாம்பட்டினத்தில் வீட்டுத் திண்ணையில் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். தமிழ் என் பாடம் இல்லை. ஆனால் சாயந்திரம் வரும் பிள்ளைகள் பள்ளியில் கேட்டதையெல்லாம் என்னிடம்தான் வந்து கொட்டுவார்கள். போன மாதம் எட்டாவது படிக்கும் ஒரு பையன் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தான். பேசிக் காட்டச் சொன்னேன். கடலில் மூழ்கியதாகச் சொல்லும் குமரிக்கண்டத்தில், அதாவது இலெமூரியாவில், வாழ்ந்த நம் முன்னோர் 15 அடி உயரம், பிடரியில் மூன்றாவது கண், வாய் திறக்காமல் மனத்தாலேயே பேசுவார்கள் என்று கணீரென்று சொன்னான். மனப்பாடம் செய்யக் கொடுத்த ஜெராக்ஸ் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்ற சிலப்பதிகார வரி. அதற்கு அடுத்த வரியிலேயே மூன்றாவது கண். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை.

அந்தக் கோட்டைப் போடச் சொல்லித்தான் இந்த மடல்.

மேலே உள்ள வரி நம்முடையது. கீழே உள்ளது நம்முடையது இல்லை. இலெமூரியா என்ற பெயரை 1864இல் வைத்தவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கரில் லெமூர் இருக்கிறது, அதற்கு உறவான தேவாங்கு நம் பக்கம் இருக்கிறது, நடுவில் கடல். அப்படியானால் முன்னொரு காலத்தில் இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்தான். கண்டங்கள் நகரும் என்று ஜெர்மன் அறிவியலாளர் வேகனர் சொன்னது 1912இல். அது பரவலாக ஏற்கப்பட்டது 1960களில். அதற்கப்புறம் மூழ்கிய கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. நிலம் முங்கவில்லை, விலகிப் போனது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான். பிரிந்ததைப் பார்க்க யாரும் இல்லை, தமிழரும் இல்லை.

மூன்றாவது கண் வேறு வழியாக வந்தது. பிரம்மஞான சபையை (தியாசபிகல் சொசைட்டி) நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட ‘இரகசியக் கோட்பாடு’ நூலில், வேறு யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு பழஞ்சுவடியை ஆதாரமாகக் காட்டி, மனிதகுலத்தை ‘மூல இனங்கள்’ என்று படிப்படியாக அடுக்கினார். மூன்றாம் படியில் இருப்பவர்கள் இலெமூரியர். முட்டையிலிருந்து பிறந்தவர்கள், இராட்சத உருவம், கூடுதலாக ஒரு கண். 1904இல் ஸ்காட்-எலியட் என்பவர் ஞானதிருஷ்டியில் கிடைத்த செய்தி என்று உயரம், நிறம், குதிகாலின் வடிவம் வரைக்கும் எழுதினார். மண்ணைத் தோண்டிப் பார்த்து எழுதியது இதில் எதுவும் இல்லை.

ஐயா, அம்மா, என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். அந்த அடுக்கில் ஐந்தாம் படி, அதாவது இன்றைக்கு மேலே நிற்கும் படி, ‘ஆரிய இனம்’. மூன்றாம் படியின் மிச்சமென்று கீழே தள்ளப்பட்டவர்களில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் உண்டு. ‘எங்கள் முன்னோர் இலெமூரியர்’ என்று மேடையில் நம் பிள்ளை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது, மனிதர்களை மேல், கீழ் என்று தரம் பிரித்த ஒரு ஏணியில் அவனே போய்த் தாழ்ந்த படியில் உட்காருகிறான். நம் பெருமை என்று நினைத்து அதைக் கைதட்டி வரவேற்கிறோம்.

‘அப்படியானால் பாட்டில் வரும் கடல்கோளே, கடல் நிலத்தை விழுங்கியதே, பொய்யா?’ என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருக உருக, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், கரையோர நிலம் கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் போனது. அந்த நினைவுதான் பாட்டில் தங்கியதா, அல்லது ஏதோ ஒரு பேரலையின் நினைவா என்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டிய அருமையான கேள்வி. ஆனால் குமரிக்குத் தெற்கே கடல் பல ஆயிரம் மீட்டர் ஆழம். அங்கே அடித்தரை எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. மூழ்கிய கண்டம் அங்கே இல்லை.

கடல் ஊருக்குள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் தெருவில் ஃபைபர் படகு ஒன்று வீட்டு வாசலில் குறுக்கே கிடந்தது, வலை முருங்கை மரத்தில் தொங்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அத்தனையும் செய்த தண்ணீர் அன்றைக்கே திரும்பிப் போனது. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கடல்கோள் என்ற சொல் எங்களுக்கு அலங்காரம் இல்லை. அதனால்தான் அதோடு நெற்றிக்கண், பிடரிக்கண் கதைகளைச் சேர்த்துக் கட்டினால் மனசு வலிக்கிறது.

கணக்கு டீச்சராக ஒன்று சொல்கிறேன். முச்சங்கக் கதையைச் சொல்லும் பழைய உரைநூலான இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்கும் தரும் ஆண்டுகள் 4440, 3700, 1850. மூன்றையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள்: 120, 100, 50. மீதி வராது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், கடல் கொண்டதாகச் சொல்லும் நாடுகள் 49, ஏழேழாக அடுக்கியவை. இவை சர்வே நம்பர்கள் இல்லை. அந்தக் காலத்து உரைகாரர் தமிழின் தொன்மையைச் சொல்லக் கையாண்ட அழகான முறை. இதைக் கரும்பலகையில் போட்டபோது பிள்ளைகள் ‘ஐ’ என்று கத்தினார்கள். தமிழ் மேல் இருந்த மதிப்பு ஒருத்தருக்கும் குறையவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். வக்கிரகாளி அம்மனைக் கும்பிடப் பௌர்ணமிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பூங்காவுக்குள் நுழைவதில்லை. சிவந்த மண்ணில் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பார்வைக்கு மரம், தொட்டால் வெயிலில் காய்ந்த கல். வெட்டுமுகத்தில் வளையம் தெரிகிறது, கிளை விழுந்த கணு தெரிகிறது. ‘இலெமூரியா மரமா?’ என்றான் அதே பையன். ‘கிளை எங்கே, வேர் எங்கே, தேடு’ என்றேன். சுற்றிச் சுற்றி வந்தான், கிடைக்கவில்லை. வெள்ளம் அடித்து உருட்டி வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. நீரில் கரைந்த சிலிக்கா நாருக்கு நார் புகுந்து கல்லாக்கியது. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவற்றைப் பொதிந்து வைத்திருக்கும் பாறைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரைக் கேட்டதும் பையன் முகம் மலர்ந்துவிட்டது: கடலூர் மணற்கல்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் பழந்துறைமுகமான அரிக்கமேட்டையும் மறந்துவிடாதீர்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த அரெட்டைன் கலத் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து, அதே மண்ணடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது. ரோமாபுரி மதுச்சாடி, கண்ணாடி மணி, தமிழ் பிராமி எழுத்துக் கீறிய பானைத் துண்டு எல்லாம் அங்கே வந்தவையும் அங்கே செய்தவையும்தான். ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்படவில்லை.

சரி, என் வேண்டுகோள் இவ்வளவுதான். அந்த ஜெராக்ஸ் தாளை நிறுத்திவிடுங்கள். அடுத்த போட்டிக்கு ‘கடல்கோள்: பாட்டு சொல்வதும் மண் சொல்வதும்’ என்று தலைப்புக் கொடுங்கள். போட்டிக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கு அழைத்துப் போங்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேன் நானே பேசிவிடுகிறேன், மதியத்துக்குப் புளிசாதமும் கட்டி வருகிறேன். அந்தப் பையனும் வருவான். அவனிடமிருந்து பரிசைத் திருப்பி வாங்கிவிடாதீர்கள். அவன் நன்றாகத்தான் பேசினான்.

அன்புடன்,
தேவனாம்பட்டினம் கணக்கு டீச்சர்