அ எது, ஆ எது என்று எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வேட்டு நெறிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். என் ஆய்வேடு இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காரணம், ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளைப் பிரித்துக் காட்ட ஆண்டோடு சேர்க்கும் எழுத்துகளின் வரிசை. முதலில், வெளியான வரிசைப்படி 1998அ, 1998ஆ என்று போட்டிருந்தேன். தலைப்பின் அகரவரிசைப்படி மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். இப்போது, வெளியான வரிசைதான் சரியாம். ஆண்டோடு எழுத்தைச் சேர்க்கவும் என்பதோடு உங்கள் கையேடு நின்றுவிடுகிறது. எந்த வரிசையில் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி இல்லாததால் பட்ட பாடு இது. கணினியில் 1998ஆ என்பதையெல்லாம் தேடி 1998அ ஆக்கினேன். அப்புறம்தான் உறைத்தது, பழைய அ எது, புதிய அ எது என்று இனி தெரியாது. பழைய அச்சுப்படியை விரித்து, பென்சிலால் டிக் போட்டபடி ஆறு இயல்களையும் முதலிலிருந்து சரிபார்த்தேன். அப்படியும் ஓரிடம் தப்பிவிட்டது. எந்தக் கருத்தை ஆசிரியர் ஒரு கட்டுரையில் மறுத்தாரோ, அதையே அவர் அங்கே ஆதரிப்பதாக என் ஆய்வேடு சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளை, நெறியாளர் பார்த்துவிட்டார்.

ஏ.பி.ஏ., சிகாகோ என்ற மேற்கோள் நடைக் கையேடுகள் இரண்டும் தலைப்பின் அகரவரிசையைத்தான் சொல்கின்றன. அதிலும் சங்கடம் உண்டு. ஐன்ஸ்டைன் 1905இல் ஒரே இதழில் எழுதிய நான்கு புகழ்பெற்ற கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறப்புச் சார்பியல் கட்டுரை இதழுக்கு ஜூனில் போய்ச் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியான நிறை-ஆற்றல் கட்டுரை செப்டம்பரில். ஜெர்மன் தலைப்புகளை அகரவரிசைப்படுத்தினால் செப்டம்பர் கட்டுரை 1905அ, ஜூன் கட்டுரை 1905ஈ. ஆனாலும் அந்த முறையில் ஒரு வசதி இருக்கிறது. எந்த மாதம் வெளியானது என்று தேடி அலையாமல், தலைப்பை வைத்தே எழுத்தைப் போட்டுவிடலாம். நீங்கள் எந்த முறையைச் சொன்னாலும் செய்கிறேன். ஒன்றைச் சொல்லுங்கள்.

அகரவரிசை என்றால் எந்த அகரவரிசை என்பதையும் சொல்லிவிடுங்கள். நம் அகராதியில் 'கலை' முன்னால், 'கற்பு' பின்னால். கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்படி அடுக்கினால் றகரம் லகரத்துக்கு முன்னால் வந்து 'கற்பு' முந்திக்கொள்ளும். தமிழில் எழுதும் ஆய்வேட்டுக்கான கையேட்டில் தமிழ் நெடுங்கணக்குக்கு ஓரிடம் இருக்க வேண்டாமா? பக்க ஓரம் எத்தனை அங்குலம் என்பதற்கு அரைப் பக்கம் இருக்கிறதே!

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். மூன்றாம் முறை அச்செடுத்து பைண்டிங்குக்குக் கொடுப்பதற்குள் எந்த வரிசை என்று எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர்