தங்கம் கண்டவர் கையில் தண்ணீர்ப் பை

பெரிய மாமா,

நலம். நீங்களும் அத்தையும் நலம்தானே? போன வாரம் இங்கே ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து காரில் கால்கூர்லி என்ற தங்கச் சுரங்க ஊருக்குப் போய் வந்தேன். சுமார் 600 கிலோமீட்டர். போனில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அங்கே எவ்வளவு ஆழம்?" அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் ஓரத்தில் ஒரு பெரிய பள்ளம். சூப்பர் பிட் என்கிறார்கள். மூன்றரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டர் ஆழம். கோலாரின் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கே இறங்கிய உங்களுக்கு 600 மீட்டர் ஒன்றுமில்லை, தெரியும். ஆனால் மேலே நின்று பார்த்தால் நம் கோல்டு ஃபீல்டை மல்லாக்கத் திறந்து போட்டது போல இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கேயும் தனித்தனிச் சுரங்கங்கள்தான். 1989இல் அவற்றையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் சேர்த்துத் தோண்ட ஆரம்பித்தார்கள். பள்ளத்துச் சுவரில் அங்கங்கே பழைய சுரங்க வழிகளின் வாய் தெரிகிறது. யாரோ ஒருவர் தவழ்ந்து போன வழி, இப்போது வெயிலில்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது தங்கத்தைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

1892இல் பக்கத்து ஊரான கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூனில் பேடி ஹானன் என்ற ஐரிஷ்காரரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் இங்கே கண்டுபிடித்தார்கள். கூட்டம் குவிந்தது. ஆனால் ஆறு இல்லை, ஏரி இருந்தாலும் உப்பு ஏரி. அந்த உப்புத் தண்ணீரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, கேலன் கணக்கில் விற்றார்கள். காய்ச்ச விறகு வேண்டுமே, சுற்றியிருந்த காடு அதற்குப் போனது. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் சுத்தம் எங்கிருந்து வரும்? டைபாய்டில் ஏராளமானோர் செத்தார்கள்.

இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்குத் தண்ணீர் இருக்கும் இடம் தெரியும். பாறைக் குழிகளில் தேங்கும் மழைநீரைக் கல்லால் மூடிக் காத்து, அளவாக எடுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். வந்தவர்களின் குதிரைகளும் ஒட்டகங்களும் அந்தக் குழிகளை உறிஞ்சிக் காலி செய்தன. ஊர்ப் பெயரே அவர்கள் மொழியில் ஒரு காட்டுக்காயின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம்தான் சி. ஒய். ஓ'கானர் என்ற எஞ்சினியர் வருகிறார். பெர்த் பக்கம் மலையில் முண்டாரிங் என்ற இடத்தில் அணை கட்டுவது, அங்கிருந்து 30 அங்குல இரும்புக் குழாயில் சுமார் 560 கிலோமீட்டர் தூரம் தண்ணீரைத் தள்ளுவது, அதுவும் மேட்டை நோக்கி, எட்டு பம்பு நிலையங்கள் வைத்து. செலவு 25 லட்சம் பவுண்டு, அத்தனையும் கடன். ஊரே சிரித்தது. பத்திரிகைகள் கிழித்தன. ஒன்று அவரை ஊழல்காரர் என்றே எழுதியது. 1902 மார்ச் 10 காலையில் குதிரையில் ஃப்ரீமேண்டில் கடற்கரைக்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். வயது 59. எழுதி வைத்த கடிதத்தின் கடைசியில் அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டி முடிக்கும்படி ஒரு குறிப்பு இருந்ததாம். சாகப் போகிற நேரத்திலும் சுவர்! இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன் மாமா.

1903 ஜனவரி 24 அன்று கால்கூர்லியில் தண்ணீரை முறைப்படி திறந்துவிட்டார்கள். அந்தக் குழாய் வழி இன்றைக்கும் வேலை செய்கிறது. நெடுஞ்சாலையோரம் காருக்குத் துணையாகக் கூடவே வருகிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர்க் கதை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின ஆண்டுதான், 1902இல், சிவனசமுத்திரத்திலிருந்து நம் சுரங்கத்துக்கு சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கரண்டு கொண்டுவந்தார்கள். அங்கே காவிரியின் கரண்டு, இங்கே முண்டாரிங்கின் தண்ணீர். தங்கம் என்றால் மட்டும் எவ்வளவு தூரம் ஆனாலும் பணம் புரண்டுவிடுகிறது.

உங்களுக்காகவே ஒரு கதை. 1907 மார்ச்சில் கூல்கார்டிக்குப் பக்கத்தில் பானிவேல் சுரங்கத்தில், திடீர் மழை வெள்ளம் உள்ளே இறங்கிவிட்டது. மோதெஸ்தோ வாரிஸ்கெட்டி என்ற இத்தாலியத் தொழிலாளி மாட்டிக்கொண்டார். தண்ணீருக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் காற்று தங்கிய ஓர் இடத்தில் உயிரோடு இருந்தார். தட்டும் சத்தம் கேட்டது. முத்துக் குளிக்கும் உடுப்போடு டைவர்களைத் தனி ரயிலில் வரவழைத்தார்கள். இருட்டில், சேற்றுத் தண்ணீரில் தடவித் தடவிப் போய்ச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வெளியே கொண்டுவந்தார்கள். சொட்டுத் தண்ணீருக்கு அலைந்த பாலைவனத்தில் ஒரு மனிதர் மூழ்கப் பார்த்திருக்கிறார்! சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ஏர் பிளாஸ்ட் சமயத்தில் ஷாஃப்ட் வாசலில் அத்தை நின்ற கதையைச் சொல்வீர்களே, அதே மாதிரி இங்கேயும் நின்றிருப்பார்கள்.

ஆனால் இத்தாலியர்களை இந்த ஊர் கொண்டாடிக்கொண்டே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1934 ஜனவரியில் கலவரம் வெடித்து அவர்களுடைய வீடுகளையும் கடைகளையும் கொளுத்தினார்கள்.

கூல்கார்டி சேஃப் என்று ஒன்றையும் பார்த்தேன். ஐஸ் இல்லாத காலத்து ஃபிரிட்ஜ். அலமாரியைச் சுற்றிச் சாக்குத் துணி, மேலே தட்டில் தண்ணீர். துணி நனைந்து காற்று பட்டால் உள்ளே குளுமை. நம் மண்பானையின் அதே வித்தை. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

பேடி ஹானனுக்கு 1929இல் ஒரு சிலை வைத்தார்கள். அதை இப்போது டவுன் ஹாலுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுத் தெருவில் நகலை நிறுத்தியிருக்கிறார்கள். தங்கக் கட்டியைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை. உட்கார்ந்திருக்கிறார், கையில் தண்ணீர்ப் பை. போகிற வருகிறவர்கள் குடிக்க அதிலிருந்து தண்ணீர் வருகிற மாதிரி செய்திருக்கிறார்கள்.

அதைப் பார்த்ததிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கீழே ஷிப்ட் இறங்கும்போது தண்ணீர் எதில் கொண்டுபோவீர்கள்? அத்தை ஏதோ துணி சுற்றிய பாட்டில் என்று ஒரு தடவை சொன்ன ஞாபகம். அது இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பொங்கலுக்கு வரும்போது பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்