ராஜகோபுரத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

குடமுழுக்கைத் தொடர்ந்து 48 நாள் மண்டல பூசையும் நிறைவுற்றதால், பணி நடந்த விதத்தையும் அதைத் தாங்கிய கொடையையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வர்ணம் பூசினால் போதும் என்று தொடங்கிய வேலை இது. சாரம் கட்டிச் சுதையைத் தட்டிப் பார்த்தபோதுதான் உள்ளே கம்பிகள் துருவேறி உப்பிப் பூச்சைப் பிளந்திருப்பது தெரிந்தது. 2001இல் தடை வரும் வரை மொரிசியசில் கரையோரக் காயலில் அள்ளிய பவள மணலைக் கொண்டே பெரும்பாலும் கட்டினோம். சரியாக அலசாத மணலின் உப்பும் கடற்காற்றும் சேர்ந்து கம்பியை அரித்திருந்தன. முந்தைய திருப்பணிகளில் விரிசலின்மேல் வர்ணத்தை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறோம் என்பதைக் குழு வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறது. ஆகவே மேலிரு நிலைகளை இறக்கி, கருங்கல்லை அரைத்தெடுத்த மணலால் மீண்டும் எழுப்பி, தமிழ்நாட்டு ஸ்தபதிகளைக் கொண்டு சுதைச் சிற்பங்களைப் புதிதாக அமைத்தோம். செலவு மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டியது.

அந்தக் குறையை நிரப்பியவர் நம் உறுப்பினரான ஆடைத் தொழிலதிபர். பெயர் குறிக்கலாகாது என்பது அவர் நிபந்தனை. கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து, ஏற்றுமதி ஆலைகளுக்குச் சலுகை அளித்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பெருகிய ஆலைகளில் ஒன்றில் துணி வெட்டும் மேசையில் நின்று, பின்னர் நான்கு தையல் இயந்திரங்களோடு சொந்தத் தொழில் தொடங்கியவர் அவர். பெரிய நாடுகளின் ஆடை ஏற்றுமதிக்குப் பல்லிழை ஒப்பந்தக் காலம் முதல் இருந்துவந்த வரம்புகள் 2004 இறுதியில் நீங்கியபின் தீவில் பல ஆலைகள் மூடப்பட்டன. அவருடைய ஆலையிலும் ஆட்குறைப்பு நடந்தது, வேலை இழந்தோரில் நம் உறுப்பினர் குடும்பங்களும் உண்டு. இதை எழுதத்தான் வேண்டுமா என்று குழு தயங்கியபோது, எழுதுங்கள் என்றவர் அவரே. அக்குடும்பங்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அவர் ஏற்று வந்ததைச் சிலர் இப்போதுதான் சொல்கிறார்கள்.

உறுப்பினர்கள் இயன்றதைக் கொடுத்து முடித்த பிறகே தம் பங்கு என்று அவர் சொல்லிவிட்டதால் ஐந்து மாதம் வீடு வீடாகச் சென்றோம். சனிக்கிழமைதோறும் வந்து சிமெண்டு மூட்டைகளை எண்ணினார். எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆயினும் கணக்கில் ஒரு மூட்டைகூடப் பிசகவில்லை.

கல்வெட்டில் அவருக்கென விட்ட வரியில், அவர் விருப்பப்படி, 'தையல் தொழிலாளர் உபயம்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. அன்னதானக் கூடத்தின் கூரை வேலை மட்டும் மீதமுள்ளது. வரவு செலவுக் கணக்கு தைப்பூசக் காவடி வரை கோவில் அலுவலகத்தில் உறுப்பினர்களின் பார்வைக்கு இருக்கும்.

திருப்பணிக் குழுவினர்