யார் பார்த்தது?

அன்புள்ள மகனுக்கு,

"பூமிக்கு 450 கோடி வயது என்கிறார்களே, யார் அம்மா போய்ப் பார்த்தது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாய். நல்ல கேள்விதான். சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

யாரும் பார்க்கவில்லை. கொலை வழக்கு எல்லாவற்றிலும் கண்ணால் கண்ட சாட்சியா கிடைக்கிறது? தடயத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

உன் அலுவலகத் தரையிலோ சுவரிலோ பளபளப்பாக்கிய கிரானைட் இருந்தால் கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கட்டி கட்டியாக இருப்பது பெல்ட்ஸ்பார். சாம்பல் நிறக் கண்ணாடிபோல இடுக்குகளை நிரப்பியிருப்பது குவார்ட்ஸ். கருப்பாக மின்னும் செதில்கள் மைக்கா. காக்காப்பொன் என்போமே, அதன் கருப்பு வகை. இந்த மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன என்பதுதான் தடயம். பாறைக் குழம்பு சட்டென்று ஆறிவிட்டால் படிகங்கள் வளர நேரம் கிடைக்காது. எரிமலையிலிருந்து வழிந்து உறைந்த பசால்ட்டில் மணிகளைப் பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் பூதக்கண்ணாடி வேண்டும். கிரானைட்டோ சில கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து, ஆயிரக்கணக்கில் தொடங்கி லட்சக்கணக்கான ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு மெதுவாக ஆறியது. அப்படியானால், இன்று அது வெயிலில் கிடக்கும் இடத்தில், அதன் தலைக்கு மேல் இருந்த அத்தனை பாறையும் எங்கே போயிற்று? மழையும் ஆறும் அரித்துக் கொண்டுபோய்விட்டன. கிரானைட் குன்று ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் அதன்மேல் இருந்து காணாமல்போன மலையைத்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

அரித்துப் போனது வீணாகவில்லை. கடலடியில் படிந்து, மேலே பாரம் ஏற ஏற இறுகி, மணற்கல்லாகவும் களிக்கல்லாகவும் ஆகிறது. இந்தப் படிவுப் பாறைகள் ஒளிவுமறைவு இல்லாதவை. ஆழமில்லாத நீர் வரைந்த அலைவரிகள், சேறு காய்ந்து வெடித்த பிளவுகள், சில கற்களில் மழைத்துளி குத்திய குழிகள்கூட அப்படியே இருக்கும். எவரெஸ்டின் உச்சியே சுண்ணாம்புக்கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலில் வாழ்ந்த உயிரிகளின் துணுக்குகள் அதில் இருக்கின்றன. சூடும் அழுத்தமும் ஏறினால் சுண்ணாம்புக்கல் உருகாமலே பளிங்காகிறது, களிக்கல் சிலேட்டாகிறது. உருமாறிய பாறைகளைப் பற்றி இப்போதைக்கு இது போதும்.

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சிக்கார் பாயின்ட் என்று ஒரு முனை இருக்கிறது. 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் என்ற புவியியலாளர் நண்பர்கள் இருவருடன் படகில் அங்கே போனார். கீழே சாம்பல் நிறப் படுகைகள் ஏறக்குறைய நட்டுக்குத்தலாக நிற்கின்றன. அவற்றின் அரிபட்ட முனைகளின்மேல் செம்மணற்கல் லேசாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. மணலும் சேறும் கிடையாகத்தான் படியும். எனவே கீழ்ப்படுகை முதலில் கிடையாகப் படிந்து, இறுகி, மடங்கி நிமிர்ந்து, நிலமாக உயர்ந்து, அரிபட்டு, அதற்குப் பிறகுதான் அதன்மேல் செம்மணல் சேர்ந்திருக்க வேண்டும். சில ஆயிரம் ஆண்டுகளில் நடக்கிற காரியமா இது? ஹட்டன் கையில் ஆண்டுக் கணக்கு எதுவும் இல்லை. இன்றைய கணக்கில் கீழே சுமார் 43 கோடி, மேலே சுமார் 37 கோடி ஆண்டுகள். நடுவே ஆறு கோடி ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் ஒரு படிவும் மிஞ்சவில்லை. எனக்கு அந்தக் கற்களைவிட அந்த இடைவெளிதான் பெரிதாகப் படுகிறது.

ஆண்டுக் கணக்கைக் கொடுத்தது யுரேனியம். ஜிர்கான் என்ற கனிமம் படிகமாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதுமாக ஒதுக்கிவிடும். உள்ளே போன யுரேனியம் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியத்தின் முக்கிய வகையான யுரேனியம் 238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த, மணல் பருக்கை அளவுள்ள ஒரு ஜிர்கானுக்கு வயது 440 கோடி. அது பிறந்த பாறை அழிந்துவிட்டது. பருக்கை மட்டும் தப்பி, பிற்காலத்துப் படிவு ஒன்றில் போய்ச் சேர்ந்திருந்தது.

பூமியின் முதல் பாறைகள் இப்படி மிஞ்சாததால், கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூமியோடு சேர்ந்து உருவான விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்தார். 1956இல் அவர் வெளியிட்ட விடை 455 கோடி ஆண்டுகள். இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அளக்கும்போது அவருக்குப் பெரும் தொல்லை கொடுத்தது ஆய்வகத் தூசியிலும் காற்றிலும் இருந்த ஈயம். அது எங்கிருந்து வருகிறது என்று துருவிப் போனவர், பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். இன்று உன் வண்டிக்கு நீ போடும் பெட்ரோலில் ஈயம் இல்லை என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

அடுத்த சந்தேகத்தை எழுதியே அனுப்பு.

அன்புடன்,
அம்மா