பார்க்கர் வழியில் ஹார்ப்பர்

ஐயா,

ஜூன் 26 காலை ஐந்தரைக்கே செல்பேசியோடு உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் 2025 டிராஃப்டில் எங்கள் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் இரண்டாவது தேர்வாக டிலன் ஹார்ப்பரை எடுத்தது. அப்போது அவருக்கு 19 வயது, இடக்கைக்காரர். என்.பி.ஏ.வில் ஐந்து முறை சாம்பியனான முன்னாள் வீரர் ரான் ஹார்ப்பரின் மகன்.

“அணியில் ஏற்கெனவே ஃபாக்ஸும் காஸிலும் இருக்க இன்னொரு கார்டு எதற்கு?” என்கிறார் அண்ணன். (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்தான் கார்டு.) எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2001-இல் 28-வது தேர்வாக எங்கள் அணிக்கு வந்த கார்டு டோனி பார்க்கருக்கும் அப்போது 19 வயதுதான். அவர் இருந்தபோது நான்கு கோப்பைகள் வென்றோம்!

கல்லூரி அணியில் நானும் கார்டுதான். நெட்டையர்கள் நடுவே பந்தோடு புகுந்து வளையத்தை எட்ட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று தெரியும். அது இந்தப் பையனிடம் இருக்கிறது. எங்கள் அணியின் நெட்டை நட்சத்திரம் வெம்பன்யாமாவுக்குப் பந்தை உயரத் தூக்கிப்போடவும் ஆள் வேண்டுமே. ஹார்ப்பரை அணி முதல் ஆண்டிலேயே நிறைய நேரம் ஆடவிட வேண்டும்.

– ஒரு வாசகி, ஈரோடு