பைலட் எப்போது ஏறுகிறார்?

அன்புள்ள சீனியர்,

உங்கள் வக்கீல் கவுனை வீட்டில் கொடுத்துவிட்டு வந்ததாகக் குமாஸ்தா சொன்னார். இனி நீங்கள் சேம்பருக்கு வரப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் சேர்ந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? கப்பலுக்கு எண்ணெய் போட்டவர் ஒருவர் பில் பாக்கி என்று ஓடி வந்தார். நான் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டதெல்லாம், "பைலட் எப்போது ஏறுகிறார்?" துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே நடத்திப் போகிற பைலட் ஏறிவிட்டால் கப்பல் கைவிட்டுப் போய்விடுமே! ராத்திரி பத்து மணி என்றார் அவர். அடுத்த கேள்வி: "எண்ணெய் கேட்டது கப்பலின் முதலாளியா, வாடகைக்கு எடுத்தவரா?" அதற்கு அவர் விழித்த விழி!

முதலாளிதான், அதனால் கப்பலையே பிடிக்கலாம் என்று தெரிந்ததும் மதியமே கோர்ட்டில் மனு போட்டீர்கள். சாயங்காலம் உத்தரவு. உத்தரவைக் கொண்டுபோகும் கோர்ட் பெயிலிஃபோடு நானும் கப்பல் ஏறினேன். கேப்டன் டீ கொடுத்தார், கையெழுத்துப் போடவில்லை. கப்பலைப் பிடிக்கும் வாரண்டை, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் ஒட்டிவிட்டு இறங்கினோம். பின்புறத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தீர்களே, பார்த்தேன். புதுப் பெயின்டுக்கு அடியில் பழைய பெயர் வெல்டிங் தழும்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. பெயர் மாறும், கொடி மாறும், கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது என்று நீங்கள் சொன்னது அன்றைக்குத்தான் புரிந்தது.

1861, 1890 என்று வெள்ளைக்காரன் போட்ட கப்பல் சட்டங்களை வைத்தே பாதி வாழ்க்கை வாதாடினீர்கள். வெளிநாட்டுக் கப்பலைப் பிடிக்க நம் நாட்டு ஹைகோர்ட்டுகளுக்கு அதிகாரம் உண்டு என்று 'எம்.வி. எலிசபெத்' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1992இல். நமக்கென்று ஒரு சட்டம் 2017இல் வந்து, 2018 ஏப்ரலில்தான் அமலானது. 1894 முதல் 1977 வரை தன் கோபுரத்திலேயே கலங்கரை விளக்கை வைத்திருந்தது நம் சென்னை ஹைகோர்ட்! கப்பல் சட்டம் மட்டும் இவ்வளவு தாமதம்.

எனக்கு உங்களிடம் பிடித்தது மாலுமிகள் வழக்குதான். பெரிய கம்பெனி பைசா குறைக்காமல் ஃபீஸ் தர வேண்டும். சம்பளம் வராத மாலுமியிடம் டீக்காசுகூட வாங்க மாட்டீர்கள். நம் வரவு செலவுக்கு அது கட்டுப்படியாகாது என்று குமாஸ்தா புலம்புவார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

இப்போது அப்படி ஒன்று வந்திருக்கிறது. முதலாளி கைவிட்ட கப்பல், பதினோரு பேர். பாக்கிக்காகக் கப்பல் மீதே இருக்கும் உரிமை, அதாவது பற்றுரிமை, சம்பளத்துக்கு 2 வருடம் நிற்கும், மற்றவற்றுக்கு ஒரு வருடம்தான். அதற்குள் கப்பலைப் பிடித்தாக வேண்டும். இவர்களுடைய முதல் மாதப் பாக்கிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இதே மாதிரி வழக்கில் நீங்கள் எழுதிய பழைய மனு உங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கும் என்கிறார் குமாஸ்தா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டுமா?

உங்கள் ஜூனியர்