ஒரு ரூபாய் சந்தாவும் விடாத ஆட்டோபேயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜோதிடம், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, குட்டித் தொடர்கள், உடற்பயிற்சி என்று எந்தச் செயலியைத் திறந்தாலும் முதல் திரையிலேயே '1 ரூபாய்க்கு 7 நாள்' என்று வந்து நிற்கிறது. ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள். எட்டாம் நாள் 199 ரூபாயோ 499 ரூபாயோ கணக்கிலிருந்து போகிறது. அடுத்த மாதமும் போகிறது. செயலியைப் போனிலிருந்து நீக்கிய பிறகும் போகிறது. பணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே பிடித்து நிறுத்துவது என்பது படித்தவர்களுக்கே பிடிபடுவதில்லை. அதை விளக்கவும், ரிசர்வ் வங்கியிடமும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் சில கோரிக்கைகளை வைக்கவும் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரு ரூபாயைக் கட்டும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. ரூபாய் போகிறது; கூடவே, இனிமேல் நம்மைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையான அனுமதியும் வங்கியில் பதிவாகிறது. ஆட்டோபே, மேண்டேட் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் அட்டைகளுக்கும் 2020 ஜனவரியில் யுபிஐக்கும் கொண்டுவந்த விதிப்படி, அனுமதியைப் பதியும்போதும் முதல் பிடித்தத்தின்போதும் பின் நம்பரோ ஓடிபியோ கட்டாயம். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 15,000 ரூபாய் வரை எதுவும் கேட்காமல் எடுக்கலாம். தொடக்கத்தில் 2,000 ரூபாயாக இருந்த வரம்பு 5,000 ஆகி, 2022 ஜூனில் 15,000 ஆனது. ஆக, ஒரு ரூபாய்க்குப் போட்ட பின் நம்பர்தான் பின்னால் போகும் 499 ரூபாய்க்கும் சம்மதமாகிவிடுகிறது.

ஆட்டோபே ஒப்புதல் திரையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் ₹1 இருக்கும். கீழே சிறிய எழுத்தில், அதிகபட்சமாக எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம், எந்தத் தேதி வரை எடுக்கலாம் என்ற மூன்று விவரங்கள் இருக்கும். மாதம் 199 ரூபாய் சந்தாவுக்கு அதிகபட்சத் தொகையைச் சில ஆயிரங்களாகவும், கெடுவை இருபது முப்பது ஆண்டு தள்ளியும் போட்டிருப்பார்கள். நாளைக்குக் கட்டணத்தை உயர்த்தினாலும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை அல்லவா? ஒப்புதல் தரும் முன் இந்த மூன்று வரியைப் படித்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இனி ரத்து செய்வது. இதில் இரண்டு முடிச்சுகள் உள்ளன. சந்தா ஒன்று, அது நிறுவனத்திடம் இருக்கிறது. பணம் எடுக்கும் அனுமதி இன்னொன்று, அது வங்கியிடமோ யுபிஐ செயலியிடமோ இருக்கிறது. செயலியை நீக்கினால் இரண்டில் எதுவும் அவிழாது. கணக்கில் பணம் வைக்காமல் விட்டாலும் பயனில்லை. முதல் முயற்சி தோற்றால் ஆட்டோபேயில் மேலும் மூன்று முறை முயல இடமிருக்கிறது. சம்பளம் ஏறியதும் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். எந்த வழியாகச் சேர்ந்தோமோ அந்த வழியாகத்தான் விலக முடியும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்திருந்தால், அந்தச் செயலிக்குள் எவ்வளவு தேடினாலும் ரத்து பொத்தான் கிடைக்காமல் போகலாம். பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள சுயவிவரப் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதற்குள் போய், அங்கே ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ் திறந்ததும் மேலே தெரியும் உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். அங்கே இலவசக் காலச் சந்தாவை, காலம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும். மொபைல் ரீசார்ஜுடனோ பிராட்பேண்டுடனோ சேர்ந்து வந்த ஓடிடி என்றால் அந்தத் தொலைபேசி நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

நிறுவனத்தின் தளத்திலேயே நேரடியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் உண்மையான அலைச்சல். ரத்து என்பதைத் தொட்டதும் ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு திரை. பிறகு பாதி விலைக்குத் தருகிறோம் என்று ஒரு திரை. ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமே என்று இன்னொரு திரை. ஒவ்வொன்றிலும் 'சந்தாவைத் தொடர்க' என்பது பளிச்சென்ற நிறத்தில் பெரிய பொத்தானாக இருக்கும். 'ரத்து செய்க' என்பது வெறும் எழுத்தாக, அடியில், கண்ணில் படாத சாம்பல் நிறத்தில் கிடக்கும். 'நீங்கள் விலகுவதில் வருந்துகிறோம்' என்று ஒரு வரி நடுவில் வரும். முடிந்துவிட்டது என்று அங்கேயே மூடிவிடுபவர்கள்தான் அதிகம். அது முடிவல்ல. 'இந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், அதன்பின் கட்டணம் இல்லை' என்று தேதியோடு ஒரு திரை வர வேண்டும், மின்னஞ்சலும் வர வேண்டும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைப்பதை ஒருபோதும் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த மாதம் முடிந்ததும் பிடித்தம் தானாகத் தொடங்கும்.

அடுத்து அனுமதியை ரத்து செய்ய வேண்டும். எந்த யுபிஐ செயலியில் ஒப்புதல் தந்தீர்களோ அதைத் திறந்து, சுயவிவரப் பகுதியில் 'ஆட்டோபே' என்பதற்குள் போனால் நடப்பில் உள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். வீட்டில் பெரியவர்களின் போனில் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தால் எதிர்பாராத பெயர்கள் இருக்கும். ரத்து செய்யும்போது பின் நம்பர் கேட்டால் பயப்பட வேண்டாம். விலகும்போதும் சரிபார்ப்பு வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பொத்தானைத் தொடுவதற்கு முன், திரையில் இருப்பது ரத்துதானா என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள். அட்டையில் தந்த அனுமதி என்றால் வங்கியின் இணையதளத்திலோ செயலியிலோ அட்டைப் பகுதியில் 'ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்' அல்லது 'இ-மேண்டேட்' என்ற தலைப்பில் இருக்கும்.

அனுமதியை மட்டும் ரத்து செய்தால் போதாதா என்று கேட்கலாம். மாதச் சந்தாவுக்குப் பெரும்பாலும் போதும். ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டமாக இருந்தால் போதாது. மீதித் தொகை பாக்கி என்று நிறுவனம் கேட்கும். இப்படிப்பட்ட ஆண்டுத் திட்டத்தையும் இடையில் விலகுவோரிடம் வாங்கும் கட்டணத்தையும் மறைத்து விற்றதாகத்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு மென்பொருள் நிறுவனமான அடோபி மீது வழக்குப் போட்டது. அதனால் இரண்டு முடிச்சையும் அவிழ்ப்பதே பாதுகாப்பு.

ரத்து செய்த பிறகும் பணம் போனால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அனுமதியில்லாத மின்னணுப் பிடித்தங்களில் வாடிக்கையாளரின் பொறுப்பைக் கட்டுப்படுத்தும் விதிகள் ஆட்டோபேக்கும் பொருந்தும். தாமதிக்கத் தாமதிக்க அந்தப் பாதுகாப்பு குறையும். 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்தின் மீதான புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள், சேவைகளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம்.

விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகைத் திரை வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. அதில் சந்தாப் பொறி என்பது தனியாகவே இருக்கிறது. ரத்து செய்வதை நீண்ட, சிக்கலான வேலையாக்குவது, ரத்து பொத்தானை ஒளித்து வைப்பது, இலவசச் சந்தாவுக்காகக் கட்டண விவரத்தையோ ஆட்டோபே அனுமதியையோ கட்டாயமாகக் கேட்பது, எல்லாமே அதன்படி தவறு. அப்படியிருக்க, எல்லோரும் ஒரு ரூபாய் வாங்குவது ஏன்? ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் அது 'இலவசம்' ஆகாது என்று வாதாடலாம். இந்த ஓட்டையை அடைக்காதவரை அந்தத் தடைக்கு வலு இல்லை. 2025 ஜூனில் இணைய வணிக நிறுவனங்கள் 3 மாதத்துக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்ய வேண்டும் என்று ஆணையம் அறிவுறுத்தியது. பொத்தானைச் சாம்பல் நிறத்தில் வைத்தவர்களிடமே தணிக்கையையும் ஒப்படைத்தால் என்ன மாறும் என்று எதிர்பார்ப்பது?

ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கும் தளத்தில் ரத்து பொத்தான் வெளிப்படையாக இருக்க வேண்டும். அதைத் தொட்டதும் உறுதிப்படுத்தும் பக்கம் ஒன்று, அதில் கடைசிப் பொத்தான் ஒன்று, அவ்வளவுதான். பொத்தான் வைக்காத நிறுவனத்தின் வாடிக்கையாளர் முன்னறிவிப்புக் காலம் எதுவுமின்றி எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அபராதம் போட அதிகாரி வர வேண்டியதில்லை, பொத்தானை வைக்காத நிறுவனமே இழக்கிறது. அமெரிக்காவில் 2024 அக்டோபரில் கொண்டுவந்த இதுபோன்ற விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி ரத்து செய்தது. இருந்தாலும் பழைய சட்டங்களை வைத்தே, பிரைம் சந்தாவில் மக்களைச் சம்மதமில்லாமல் சேர்த்ததாகவும் விலக விடாமல் அலைக்கழித்ததாகவும் போட்ட வழக்கில் அமேசான் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

வெளிநாட்டைப் பார்க்கக்கூட வேண்டாம். காலர் ட்யூன், ஜோசியக் குறுஞ்செய்தி என்று ரீசார்ஜ் பணத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் கரைத்துக்கொண்டிருந்த காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட சேவைகளைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கட்டாயமாக்கியது. நிறுத்துவதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே எண் வந்தது. எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் அந்த ஒரு எண் போதும். ஆட்டோபேக்கும் அதே வழி ஏன் இருக்கக் கூடாது?

பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தப் பிடித்தத்தை மட்டுமோ முழு அனுமதியையுமோ வேண்டாம் என்று சொல்லவும் அதில் வழி இருக்க வேண்டும். நுகர்வோர் கையில் இருக்கும் வலுவான கருவி இதுதான். நடைமுறையில் அது யுபிஐ செயலியின் கேஷ்பேக் விளம்பரங்களுக்கு நடுவே ஓர் அறிவிப்பாக வந்து காணாமல் போகிறது. குறுஞ்செய்தியாக வந்தாலும் பதிவு செய்யப்பட்ட கம்பெனியின் பெயர்தான் இருக்கும். மக்களுக்குத் தெரிந்த செயலிப் பெயர் வேறு, செய்தியில் வரும் பெயர் வேறு. பணம் போன பிறகுதான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள்.

ஆகவே ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது இது. 24 மணி நேர முன்தகவல் கட்டாயம் குறுஞ்செய்தியாக, வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த மொழியில் வரட்டும். செயலியின் பெயர் அதில் இருக்கட்டும். பதிலாக ஒரு சொல்லை அனுப்பினாலே அனுமதி ரத்தாகட்டும். சந்தாத் தொகைக்கு மேல் அதிகபட்சத் தொகை பதியக் கூடாது. கட்டணம் உயர்ந்தால் புதிதாகச் சம்மதம் கேட்கட்டும். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ச் சோதனைக் காலங்களையும் இலவசச் சந்தா என்றே கணக்கில் எடுத்து அவற்றோடு ஆட்டோபே கேட்பதைத் தடை செய்ய வேண்டும். சுயதணிக்கை முடித்த நிறுவனங்கள் எவை, முடிக்காதவை எவை என்ற பட்டியலையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி